வாசல் வரைக்கும்

“உங்க சொந்தக் கார் பாலிசியைக் காட்டுங்க சார்.”

வாடகைக் கார் கவுண்டரில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மேனேஜர் முதல் நாளே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளிடம் சொல்லியிருந்தார். சொந்தமாக ஒரு பாலிசி இருப்பது தெரிந்துவிட்டால் கம்பெனி இன்சூரன்ஸை யார் வாங்குவார்கள்? பின்னால் நின்ற அவருடைய முகம் சுண்டிப்போனது.

கைக்குழந்தையோடு வந்திருந்தவர் போனில் பாலிசியைத் தேடி நீட்டினார். அவள் பொறுமையாகப் படித்தாள்.

“இது வாடகை வண்டிக்குச் செல்லாது சார்.”

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதான் எங்களோடது இருக்கே! நிம்மதியாப் போகலாம்.”

“சரி, அதையே போட்டுடும்மா.”

அவள் போடவில்லை. “இங்க எந்த வழியா சார் வந்தீங்க?”

“இந்த மண் ரோட்டுலதான். வேற வழி ஏது?”

“மண் ரோட்டுல ஓட்டினா எங்க இன்சூரன்ஸ் செல்லாது. நம்ம கேட்டைத் தாண்டினதுமே முடிஞ்சுது. போன வாரம் இதை நம்பி வண்டி எடுத்துட்டுப் போய் இடிச்ச டீச்சரம்மா, இங்கேயே உக்காந்து அழுதாங்க.”

வந்தவர், பணம் கட்ட எடுத்த கார்டைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

மேனேஜர் பல்லைக் கடித்தார். “உங்க வீட்டுல முதல் டிகிரி நீதானே? முதல் சம்பளம் வாங்கற எண்ணமே இல்லையா?”

“படிக்கத் தெரிஞ்ச பொண்ணை வேலைக்கு வெச்சது உங்க தப்பு சார்.”

அப்போதுதான் அவர் கவனித்தார். காலையில் வந்ததிலிருந்து அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கேட்டைத் திறந்து, மண் ரோட்டில் இறங்கி நடந்தாள்.