எல்லைக்கல்லின் அடியில்

வியாழக்கிழமை அரிஸ்தித் லாஷனல் மாட்டுச் சந்தைக்குப் போனதும், பக்கத்து நிலத்து விதவை நொயேலி கடப்பாரையோடு வந்தாள். இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லைப் பெயர்த்து, அவர் பக்கமாகப் பத்தடி தள்ளி நட்டாள். இப்போது ஊற்று அவள் பக்கம்.

அந்த ஊற்றைச் சுற்றித்தான் லாஷனல் புதிதாக முள்கம்பி போட்டிருந்தார். நொயேலிக்கு வேறு தண்ணீர் இல்லை. பனி விழுவதற்குள் அவள் ஏழு பசுக்களையும் விற்றாக வேண்டும்.

சலேவ் மலையடிவாரத்தில் கல்லை நகர்த்தினால் மட்டும் போதாது. எல்லை போடும்போதே ஒரு சுண்ணாம்புக்கல்லை மூன்றாக உடைப்பார்கள். இரண்டு துண்டுகள் எல்லைக்கல்லின் அடியில் சாட்சியாகப் புதையும். மூன்றாவது ஊர் அலுவலகத்தில் இருக்கும். மூன்றும் பொருந்தினால்தான் எல்லை உண்மை. நொயேலி அதையும் விடவில்லை. கல்குவாரியில் ஒரு கல்லைப் பொறுக்கி உடைத்து, இரண்டு துண்டுகளைப் புதைத்தாள்.

மறுநாள் காலை லாஷனல் சர்வேயர் பொஸ்ஸோனை அழைத்துவந்துவிட்டார். ஊருக்குப் புதியவர். கையில் அந்த மூன்றாம் துண்டு.

"என் ஊத்துத் தண்ணி இனிக்குதா, நொயேலி?"

"உங்க பேச்சு மாதிரி கசக்கலை."

"முதல்ல ரெண்டு பேரும் இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா மண்வெட்டியைத் தொட மாட்டேன்," என்றார் சர்வேயர். "ரெண்டு நிலத்துலயும் எங்க வேணா தோண்டுவேன். நிஜத் துண்டு எங்க கிடைக்குதோ, அதான் எல்லை."

லாஷனல் படிக்காமலே போட்டார். நொயேலி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டாள்.

"எப்படித் தயங்குறா பாருங்க, சர்வேயர் முசியே," என்றார் லாஷனல்.

கல் இப்போது நின்ற இடத்தில் தோண்டியதும் இரண்டு துண்டுகள் வந்தன. அலுவலகத் துண்டோடு அவை பொருந்தவில்லை. ஓரம் தேய்ந்ததா, கல்லே வேறா என்று பார்க்கச் சர்வேயர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அதுல என்ன பாக்கறீங்க?"

"இறால் புழுக்கை."

லாஷனல் ஓரடி பின்வாங்கினார்.

பதினான்கு கோடி வருடங்களுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல் இருந்தது. சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த இறால் வகைப் பிராணிகளின் புழுக்கை, சுண்ணாம்புச் சேற்றோடு இறுகிக் கல்லாகிவிட்டது. அவற்றின் குடல் அமைப்பால் ஒவ்வொரு புழுக்கையிலும் நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும். குறுக்கே உடைந்தால் இடியாப்ப அச்சுபோலத் தெரியும். இனத்துக்கு இனம் அச்சு வேறு.

"ஆபீஸ் துண்டுல ஓட்டையெல்லாம் ரெண்டு பிறை மாதிரி இருக்கு. இதுல வட்டமா இருக்கு," என்றார் சர்வேயர். "வேற பாறை. இது பொய்ச் சாட்சி."

"எழுதிக்குங்க, நல்லா எழுதிக்குங்க. கவலைப்படாதே நொயேலி, ஜெயில்ல தண்ணி குடுப்பாங்க."

"நான்தான் நகர்த்தினேன்," என்றாள் அவள். மறுக்கவே இல்லை.

கல் முன்பு இருந்த இடத்தை லாஷனலே காட்டினார். சர்வேயர் இடுப்பளவு தோண்டினார். வெறும் களிமண்.

"இங்கயும் இல்லையே."

எல்லை அளவுகள் எழுதிய பழைய பதிவேட்டை விரித்து, தேவாலய மூலையிலிருந்து அளவு நாடாவைப் பிடித்தார். நாடா ஊற்றைத் தாண்டியது, முள்கம்பியைத் தாண்டியது, லாஷனலின் அப்பா கட்டிய கன்றுக் கொட்டகைக்குள் போய் நின்றது.

"அங்க எதுக்குப் போறீங்க?"

"எங்க வேணா தோண்டலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தளத்துக்குக் கீழே இரண்டடியில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. அலுவலகத் துண்டை வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தின. உடைப்பின் ஓரத்தில் ஒரே புழுக்கையின் பாதி இங்கே, பாதி அங்கே, பிறையோடு பிறை.

லாஷனல் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா நகர்த்திட்டாரா..."

ஊற்று மட்டுமல்ல, கொட்டகையும் இனி நொயேலியுடையது. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"இடம் தெரிஞ்சிருந்தா நேரா வந்து சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் சர்வேயர்.

"என் மாமனார் சாகறப்ப சொன்னார். அன்னியிலேர்ந்து ஆபீசுக்கு நடக்கறேன். இவர் கையெழுத்து இல்லாம இவர் நிலத்துல தோண்ட முடியாதுன்னாங்க."

பதினொரு வருடம் அவள் கெஞ்சியும் லாஷனல் போடாத அந்தக் கையெழுத்து, அவளைத் திருடி என்று நிரூபிக்கும் அவசரத்தில்தான் விழுந்தது.