நூற்றுக்கு நூறு குணம்

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் அந்தப் பெண். பக்கத்து மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஒரு டிஷ்யூ பேப்பரை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனநல ஆலோசகர் உடனே குரலில் தேனைக் குழைத்தார். "அழுதுடுங்கம்மா. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுங்க."

"ஜலதோஷம் சார். தலைமை அலுவலகத்துலேருந்து மதிப்பீட்டுக்கு வந்திருக்கேன்."

ஆலோசகர் எழுந்தே நின்றுவிட்டார். காத்துக் கிடந்த நாள் அல்லவா! இவள் அறிக்கை நல்லபடியாகப் போனால் ஆலோசனை மையத்தின் எட்டுக் கிளைகளுக்கும் அவர்தான் தலைவர். மற்ற ஆலோசகர்கள் எல்லாரும் அவர் வழியைத்தான் பின்பற்ற வேண்டும்.

பதிவுக் கோப்பை எடுத்து நீட்டினார். வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று தாங்களே மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் தாங்க முடியவில்லை, பத்து என்றால் நிம்மதி. ரகசியம் காக்கவேண்டி, பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கும்.

அவள் புரட்டிக்கொண்டே போனாள். எல்லாரும் இரண்டிலோ மூன்றிலோ தொடங்கி, பத்தில் முடித்திருந்தார்கள்.

"கடைசிப் பத்து மட்டும் எல்லாத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கே சார்?"

"அதுக்கப்புறம் அவங்க வரலம்மா. குணமானதாலதானே வரல? அதான் நானே போட்டுட்டேன்."

வாய் கூசவில்லை மனிதருக்கு. பாதியில் நின்றுபோனவர்களையெல்லாம் குணமானவர்களாக்கிவிட்டால் நூற்றுக்கு நூறு வராமல் வேறென்ன வரும்?

"போன் பண்ணி விசாரிச்சீங்களா?"

"விசாரிக்கணுமா என்ன? இங்க வந்த ஒவ்வொரு முகமும் எனக்கு மனப்பாடம்." இதைச் சொல்லும்போதும் அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில்தான் இருந்தது.

அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்த நாற்பத்தோராம் எண்? பெண், தூக்கமின்மைன்னு போட்டிருக்கு. ரெண்டே தடவைதான் வந்திருக்காங்க."

"அந்தப் பொண்ணா! மறக்க முடியுமா?" ஆலோசகர் கூச்சமே இல்லாமல் அளக்கத் தொடங்கினார். "அழுதுகிட்டே வந்துச்சு. ரெண்டாவது தடவை நான் பேசப் பேச முகமே மலர்ந்துபோச்சு. கிளம்பும்போது, 'எனக்கு உயிர் குடுத்தீங்க சார்'னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். "இதை அப்படியே அறிக்கையில சேர்த்துக்கலாமா சார்?"

"தாராளமா! வேணும்னா கையெழுத்தே போட்டுத் தர்றேன்." போட்டும் தந்தார். எட்டுக் கிளைகளும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கும்பிடல சார். நீங்க போன்ல சிரிச்சுப் பேசி முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிட்டேன்."