வாய் திறக்காத ஒரு மணி நேரம்

முதலில் தப்பு செய்தவன் தணிகாசலம்தான். என் மனைவி தனக்கொடியின் தம்பி. தன் மகள் கல்யாணத்துக்கு, நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து அக்கா கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றோடு அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

இந்த வருடம் என் நுரையீரலில் ஒரு கட்டி. அபூர்வமான வகையாம். என்னிடம் இருப்பதில் எதையாவது அபூர்வம் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவோம்," என்றார் டாக்டர் சிவசங்கரி. "கெட்டது எங்க இருந்தாலும் அதை இழுத்துக்கும். ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். வேற எங்கயும் பரவலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

ஊசி போட்ட நர்ஸ் என்னை ஓர் அறையில் தனியாக உட்கார வைத்தாள். "ஒரு மணி நேரம் அசையக் கூடாது தாத்தா. பேசவும் கூடாது."

"இங்க யார்கிட்ட பேசப் போறேன்?"

சும்மா உட்கார்ந்தால் எனக்குத் தணிகாசலம்தான் ஞாபகத்துக்கு வருவான். வந்தான்.

மறுநாள் டாக்டர் முகம் சரியில்லை.

"நுரையீரல்ல லேசாத்தான் தெரியுது. தொண்டையில பளிச்சுன்னு இருக்கு. ஊசிக்கப்புறம் பேசினீங்களா? பேசினாலும் தொண்டைச் சதை மருந்தை இழுத்துக்கும்."

தனியாகப் பேசினேன் என்றால் பைத்தியம் என்பார்களே.

"வாயே திறக்கலைம்மா."

"அப்போ அங்கயும் பரவியிருக்கலாம். தொண்டையில ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணும். ஆபரேஷன் இப்போ வேணாம்."

தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிரை விட மானம் பெரிது என்று கம்மென்று இருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலம் வந்தான்.

"டாக்டர், மாமா நேத்து ஒரு மணி நேரமும் பேசினாரு. நான் வெளிய வராண்டாவுலதான் இருந்தேன்."

"தனியா இருந்தாரே, யார்கிட்ட பேசினாரு?"

"என்னைத் திட்டினாரு. நோணாங்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ குத்த வேணாம். தொண்டைக்குள்ள விளக்கு விட்டுப் பாத்துட்டு ஆபரேஷனுக்கு நாள் சொல்றேன்."

வெளியே வந்ததும் தனக்கொடி சொன்னாள்: "நாம இங்க வர்ற ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணுல படாம தூண் மறைவுல உக்காந்து கெடக்கான். ஒரு வார்த்தை பேசுங்களேன்."

எப்படிப் பேசுவது? நேற்று வராண்டாவில், இன்று கதவோரம், இரண்டு தடவை ஒட்டுக்கேட்டிருக்கிறான். அதற்கு மன்னிப்பு கேட்க வேண்டாமா? இன்னும் கேட்கவில்லை.