யாருக்கும் பொருந்தாத சீட்டு

“ஏம்மா, பழைய இரும்பு லாரி வாசல்ல வந்து நிக்குது. இப்பப் போய் இது வேணும்னா நான் என்ன பண்றது?”

ஸ்டோர் கீப்பர் தலையைச் சொறிந்தார். ஹெட்லைட் செய்கிற கம்பெனிக்குக் கார் பந்தயம் என்ன கேடு? அந்தக் காரில் ஹெட்லைட்டே கிடையாது! உலகத்திலேயே பெரிய பந்தயம் என்று போனார்கள், நாலாவது பந்தயத்தோடு கடையைக் கட்டினார்கள். ஏன் என்று கேட்டால் பழைய ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. ஆறேழு வருஷம் கழித்து, அந்த மிச்சம் மீதியை ஒழித்துக்கட்டும் வேலை புதிதாகச் சேர்ந்த இவர் தலையில் விழுந்திருந்தது.

அந்தப் பெண் நகரவில்லை. ஒரு கையில் ஆறு வயது மகளைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை, மூலையில் கிடந்த பந்தயக் கார் டிரைவர் உட்காரும் கறுப்பு சீட்டின் மேல் இருந்தது.

“இதை எந்த வண்டியிலயும் மாட்ட முடியாதும்மா. டிரைவரை ஒரு காலிப் பிளாஸ்டிக் பை மேல உக்கார வச்சு, பைக்குள்ள ஒரு மருந்தை ஊத்துவாங்களாம். அது நுரைச்சுப் பொங்கி, அவர் உடம்பு அச்சுலயே இறுகிடும். முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அந்த ஒருத்தர் அளவு. வேற யாருக்கும் பொருந்தாது.”

“தெரியும் சார்.”

“அப்புறம் யாரு உக்காரப் போறா?”

“இவதான்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா இருக்கே! ஆறடி ஆளுக்குச் செஞ்சது. பாப்பா உள்ள விழுந்தா தேடித்தான் எடுக்கணும்!”

சிறுமி களுக்கென்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

வெளியே லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான்.

“சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதுவும் போயிட்டா எங்களுக்கு வேற எதுவுமே இல்ல.”

அவருக்கு மனசு கேட்கவில்லை. “அட, அழாதீங்கம்மா. எடுத்துட்டுப் போங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன். மாத்துக்குன்னு செஞ்சு வச்ச சீட்டு, கார்ல ஏறவே இல்ல. யாருக்கு நஷ்டம்?”

அவள் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தாள். ஓரம், குழி, ஒன்றுவிடாமல் துடைத்தாள். பிறகு மகளைத் தூக்கி அதற்குள் உட்கார வைத்தாள். பிள்ளையின் கால் அந்தரத்தில் ஆடியது.

“அம்மா, எனக்கு ரொம்பப் பெருசா இருக்கும்மா.”

“பரவால்ல, சாஞ்சுக்கடி கண்ணு. இதான் உங்கப்பா மடி. நீ பொறக்கறதுக்குள்ள போயிட்டாரே, அந்த அப்பாவோட மடி.”