சிவப்புக் கயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த சாவிக்கொத்தோடு தணிகாசலம் ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டுக்குப் போனார். மகனின் பைக் தூசி படிந்து நின்றிருந்தது. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு சிவப்புக் கயிறு. கோயில் வாசலோடு நின்றுகொள்கிறவன் முகிலன்; திருநீறு கொடுத்தால்கூட காகிதத்தில் மடித்து அம்மாவிடம் நீட்டிவிடுவான். அவனா கயிறு கட்டினான்? எதை வேண்டிக்கொண்டு? அவருக்கு அழுகை வரவில்லை. கயிற்றின்மேல் கை படாமல் பிடித்து வண்டியைக் கிளப்பினார். ஒரு முழம்கூடப் போகாமல் டக்கென்று நின்று சரிந்தது. முழங்கால் தரையில் உரசியது. வலிக்கவில்லை.

டோக்கன் கொடுக்கும் அம்மாள் ஓடிவந்தாள். "என்னங்கய்யா, முன்சக்கரத்துல பூட்டு கிடக்கு, எடுக்காமயே கிளப்பிட்டீங்க? அதுக்குத்தான கயிறு! தம்பியும் ஒருக்கா இப்பிடித்தான் விழுந்துச்சு. அதுலருந்து பூட்டுப் போட்டா கயிறக் கட்டும், பூட்டத் தொறந்தா அவுத்துரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்கய்யா. தம்பி ஊருக்குப் போயிருச்சா?"

"ஆமாம்மா."

கொத்தில் இருந்த சின்னச் சாவியால் பூட்டைத் திறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கவில்லை. வீடு வரைக்கும் மூன்று சிக்னல்கள். மூன்றிலும் பச்சை விழுந்த பிறகு, பின்னால் ஹாரன்கள் அலற, அவர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.