பல் டாக்டர் பார்த்த படம்

கண்காட்சி தொடங்கிய முதல் நாளே பல் டாக்டர் மானத்தை வாங்கிவிட்டார்.

படங்களை வரைந்தது அவருடைய மனைவி. வயலின் இசையை ஓடவிட்டு, அது ஓடி முடிவதற்குள் மனதில் எழுந்ததை அப்படியே வண்ணத்தில் இறக்கிய படங்கள். முகம், மரம், வீடு என்று எதுவும் கிடையாது. வெறும் நிறமும் கோடும்தான். பார்ப்பவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் ஒரு படத்துக்கும் பெயர் வைக்கவில்லை.

அன்று சீக்கிரமே கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வந்த டாக்டர், கூடத்தின் நடுவே இருந்த பெரிய நீலப் படத்தின் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னவோ இது காலிஃப்ளவர் மாதிரி இருக்கு சார்," என்றார் டாக்டர்.

கூடம் முழுக்கக் கேட்டது. அவளுக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளும் வந்தார். சிவப்புப் படத்தைக் காட்டி, காலையிலிருந்து வீங்கின ஈறுகளாகப் பார்த்துவிட்டு வந்தால் இங்கேயும் அதுதானா என்று முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் அலுத்துக்கொண்டார். பிறகு நீலப் படத்துக்கு நகர்ந்து, அங்கே நின்ற ஒரு டீச்சரிடம் மறுபடியும் காலிஃப்ளவர் புராணம்.

அவளுடைய அக்கா காதருகே வந்து, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் உன் வீட்டுக்காரருக்கு உன் வேலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தாள். அக்கா சொன்னதில் அவளுக்கும் மறுப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"சரி," என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை மாற்றப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கூடம் அமைதியாக இருந்தது. அவள் விரும்பிய அமைதிதான். ஆனால் நேரம் போகப் போக அது என்னவோ போல் ஆனது. வந்தவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பது போல ஓசைப்படாமல் நடந்தார்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள்.

அவளே ஒருவரிடம் போய், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுப் பார்த்தாள். அவர் ஒரு அடி பின்வாங்கி, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க என்று சொன்னவர், அடுத்த படத்தைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு நடந்துவிட்டார்.

சாயங்காலம் அந்த டீச்சர் மறுபடி வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலிஃப்ளவர் சார் இன்னிக்கு வரலையா?" என்று கேட்டார்.

அவர் தன் கணவர் என்றும், நேற்று அப்படிப் பேசியதற்குத் தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் அவள் சொன்னாள்.

டீச்சருக்கு ஆச்சரியமாகிவிட்டது. நேற்று அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது மகள் ஞாபகமாகவே இருந்ததாம். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்களோ என்று கூச்சம். "அவர் காலிஃப்ளவர்னு சொன்னதும், இதைவிட மோசமா நான் என்ன சொல்லிடப் போறேன்னு தோணுச்சும்மா." அப்புறம்தான் டீச்சர், மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் தனியாக பஸ்ஸில் திரும்பிய நாளைப் பற்றி டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. முதல் நாள் அந்தக் கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டு, இல்லை சார், இது ரயில்வே பிளாட்பாரம், என் தம்பி ஊரைவிட்டுப் போன அன்றைக்கு இப்படித்தான் இருந்தது என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். இருந்த கோபத்தில் அதெல்லாம் காதில் விழுந்தும் விழாமல் போயிருந்தது.

கூடத்தை அக்காவிடம் விட்டுவிட்டு அவள் கிளினிக்குக்குப் போனாள். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் பேச வைக்கத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"கூடத்துக்குள்ள வந்தாலே பரீட்சை எழுத வந்த மாதிரி பயந்து நிக்கிறாங்க," என்றார் அவர். "ஒருத்தன் முதல்ல தப்பா சொல்லிட்டான்னா மத்தவங்களுக்கு தைரியம் வந்துடும். எப்படியும் அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதானே என் பொழைப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, நிஜமாகவே அந்த நீலப் படத்தில் அவருக்கு என்னதான் தெரிகிறது என்று கேட்டாள்.

அவர் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன மழைக்காலம். நானும் நீயும் சரியா பேசிக்கவே இல்லை. நான் கிளினிக்கே கதின்னு கிடந்தேன். அப்ப வரைஞ்சது அது. என்னை விட்டுட்டுப் போயிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே நீ வரைஞ்சிருக்கே. பார்த்த அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. உன்கிட்ட கேக்கத்தான் பயம்."

அவள் அதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

நோயாளி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாதிப் படம்தான் பார்த்திருக்கீங்க," என்றாள். "அந்த வயலின் முடியறதுக்குள்ள நான் மனசு மாறிட்டேன்."