சம்மட்டியின் எலிக்குரல்

"இன்னும் கொஞ்சம் இழு. மனுஷன் குரல் வர்ற வரைக்கும் இழு" என்று தனக்குத் தானே உத்தரவு போட்டபடி, வெர்ன் கொவாச் கணினித் திரையில் டேப்பின் வேகத்தை இன்னும் ஒரு படி குறைத்தார்.

ஸ்பீக்கரிலிருந்து வந்ததோ, பொறியில் வால் மாட்டிய சுண்டெலியின் கதறல். அமெரிக்காவின் அக்ரன் நகரத்து பேஸ்மென்ட்டில் ஒன்பது மாதமாக இதே கதறலைக் கேட்டுக் கேட்டு, அவர் காதுக்குள் எலி குட்டியே போட்டிருக்கும்.

கதறியவர் லேசுப்பட்டவர் அல்ல. ‘டெட் ஃபர்னஸ்’ என்ற பங்க் ராக் குழுவின் பாடகர், மேடைப் பெயர் சம்மட்டி. எண்பத்திரண்டில் ஒரே ஒரு கச்சேரி, அதோடு குழு கலைந்துவிட்டது. போட்டோ கிடையாது, இசைத்தட்டு கிடையாது. கூட்டத்தில் எவனோ சட்டைக்குள் மிஷினை ஒளித்துத் திருட்டுத்தனமாகப் பதிந்த ஒரு கேசட்தான் சாட்சி.

ஆள் ஏழடி உயரம், மைக்கைக் கடித்துத் துப்பினான், பிடிக்க வந்த போலீஸ் பாட்டு முடியும்வரை கைகட்டி நின்றது என்றெல்லாம், கேசட் மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் கதை ஆலமரமாக வளர்ந்து கிடந்தது.

அந்தக் கேசட்டைத் துலக்கி, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்து நானூறு பேருக்கும் அனுப்புவதாக வெர்ன் வாக்குக் கொடுத்திருந்தார். தன் காது தப்பென்று ஆனால் இனி எந்த டேப்பையும் தொடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் எழுதியும் வைத்துவிட்டார். முப்பது வருஷமாக ஊரில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த இரண்டு காதுகளுக்குத்தான்.

"நீ தப்பு பண்ற வெர்ன்" என்றார் நதீன். பழைய கூட்டாளி. சண்டை போடுவதற்கென்றே பிட்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எது தப்பு? பதிஞ்சவன் மிஷின்ல பேட்டரி செத்துக்கிட்டு இருந்திருக்கு. டேப் மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கு. அதை நாம போட்டா வேகமா ஓடி கீச்சு கீச்சுங்குது. இதெல்லாம் அரிச்சுவடி நதீன்."

"அப்ப பாட்டுக்கு அடியில கேக்குற இந்தக் கரண்ட் உறுமல்? நம்ம நாட்டுல எந்த ஆம்ப்ளிஃபயரும் அறுபது ஹெர்ட்ஸ்லதான் உறுமும். டேப் வேகமா ஓடுனா அதுவும் சேர்ந்து ஏறியிருக்கணுமே. அசல் கேசட்டுல பாரு, அறுபதுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"அந்த ஹால்ல வயரிங் கோளாறு."

"கரண்ட்டு மேலயே பழி போடுறியா? உன் காது மட்டும் சுத்தம்."

வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த உறுமலை ஒரே வெட்டில் அறுத்து எறிந்தார். பிறகு வேகத்தை இன்னும் குறைத்தார்.

"நீ இழுக்குற இழுப்புல கச்சேரி சவ ஊர்வலம் மாதிரி ஆயிடுச்சு. டிரம் அடிக்கிறவன் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல குட்டித் தூக்கம் போட்டுட்டு வரலாம்."

"கொஞ்சம் சும்மா இரு. அஞ்சு நிமிஷத்துல சம்மட்டியே வராரு. அவர் வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் உன் வாயை நீ எங்க வச்சுக்கறேன்னு பாக்குறேன்."

கூரை போடும் தொழிலில் இருக்கும் டுவேன் பிகலோ என்பவர்தான் அந்தச் சம்மட்டி என்று வெர்ன் அலைந்து திரிந்து கண்டுபிடித்திருந்தார். போனில் அவர் சொன்ன "ஹலோ" ஒன்றுக்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஹலோவை அளவுகோலாக வைத்துத்தான் இத்தனை இழுப்பும். மற்றபடி அவரைப் பேச விட்டால்தானே. நாற்பது நிமிடமும் வெர்னே பேசினார்.

மரப்படிகள் முனகின. கதவை அடைத்துக்கொண்டு ஒரு மலை இறங்கி வந்தது. தலையில் மருந்துக்கும் மயிர் இல்லை.

"நல்லா இருக்கீங்களா மிஸ்டர் கொவாச்?" என்று மலை இடிக்குரலில் பணிவாகக் கேட்டது.

"உக்காருங்க, உக்காருங்க. காபியெல்லாம் அப்புறம்." வெர்ன் நதீனை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் திருத்திய பதிவை ஓடவிட்டார். சேற்றில் புரளும் எருமை மாதிரி கனத்த ஆண் குரல் பேஸ்மென்ட்டை நிறைத்தது.

டுவேன் தலையைச் சாய்த்து, ஒரு பாட்டு முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு பாடறது?"

வெர்னுக்குக் காது மடல் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நதீன் எட்டி, கை வைக்காத அசல் பதிவைத் தட்டிவிட்டார். சுண்டெலி கதறியது. டுவேனின் முகம் மலர்ந்தது. தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

"இது நான்."

"எப்படிங்க நீங்களா இருக்கும்?" வெர்ன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் அறைந்தார். "ஒன்பது மாசமா இதோட மாரடிக்கிறேன். இந்த உடம்புக்கு இந்தக் குரலா? டேப் வேகமா ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டுவேன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். வெர்னைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அன்னைக்குப் பாட வேண்டியவன் வரல, கிட்டார் வாசிச்ச எங்க அக்கா என்னைத் தூக்கி மேடையில விட்டுட்டா. எனக்கு அப்ப பதினொரு வயசு, மிஸ்டர் கொவாச்."